கனவூரில் களப்பணி: யுட்டோப்பியாவை மானுடவியல் வழியில் ஆய்வது எப்படி

தமிழில் யுட்டோப்பியாவுக்குக் 'கற்பனாவுலகு' என்று பெயர் வைத்தபோதே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டோம். இடதுசாரி மேடைகளில் 'கற்பனாவாத சோசலிசம்' என்பது திட்டு. அந்தச் சொல்லோடு களத்துக்குப் போகிறவர், அங்கே இருப்பவர்கள் ஏமாந்தவர்கள் என்ற முடிவையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறார். 'பொன்னுலகம்' என்று சொல்லிக்கொண்டு போகிறவருக்கும் இதே கோளாறுதான், எதிர்த்திசையில். தாமஸ் மோர் 1516-இல் லத்தீனில் எழுதிய நூலுக்கு 'இல்லாத இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத் தலைப்பாக வைத்தார். அதே நூலின் முன்னே வரும் சிறு பாட்டு அதை 'நல்ல இடம்' என்று திருப்பிப் போடுகிறது. அந்த இரட்டைத்தன்மை முக்கியம் என்பதால் இங்கே எண்ணத்துக்கு யுட்டோப்பியா என்றும், அந்த எண்ணத்தை வைத்து மனிதர்கள் கட்டிக் குடியேறிய இடத்துக்குக் கனவூர் என்றும் எழுதுகிறோம்.

இலக்கிய ஆய்வாளர் கனவின் எழுத்தை வாசிப்பார். அரசியல் ஆய்வாளர் அது நடக்குமா நடக்காதா என்று வாதிடுவார். மானுடவியலாளரின் வேலை வேறு: இந்தக் கனவு இன்று காலை நிற்பதற்கு யார் எத்தனை மணிக்கு எழுந்தார், யார் பாத்திரம் கழுவினார், அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், யார் கணக்கில் எழுதினார்கள் என்று பார்ப்பது. 'வென்றதா, தோற்றதா' என்ற கேள்வியைக் கடைசி மாதம் வரை பரணில் போட்டுவையுங்கள். வழிகாட்டி முழுவதும் இந்த ஒரே புள்ளியைச் சுற்றித்தான் போகிறது.

எந்த இடம், ஏன்

யுட்டோப்பிய ஆய்வில் வழக்கமாக மூன்று கிளைகளைச் சொல்வார்கள்: இலக்கியம், குடியிருப்பு, சமூகக் கோட்பாடு. லைமன் டவர் சார்ஜென்ட் வகுத்த பிரிவு இது. மானுடவியலாளர்கள் நெடுங்காலம் பார்த்து வந்த நான்காவது ஒன்றும் உண்டு: காத்திருப்பு. வனுவாட்டு நாட்டின் தன்னா தீவில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 அன்று ஜான் ஃப்ரம் என்ற மீட்பரின் வருகைக்காக அணிவகுப்பவர்கள், 'தீமையற்ற நிலம்' தேடும் தென்னமெரிக்கக் குவாரானிகள், தர்மயுகத்தை எதிர்நோக்கும் நம் அய்யாவழியினர் எல்லாரும் இதில் வருவார்கள். இதற்குச் சடங்கும் வாய்மொழியும் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆய்வுக்கு எடுக்காதீர்கள்.

முதல் ஆய்வுக்குப் பொதுச் சமையலறை உள்ள இடமாகப் பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் கனவூரின் கொள்கை முழுவதும் அடுப்படியில் தெரிந்துவிடும். வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது என்பது பக்திச் செய்தி. அதற்கு விறகு எங்கிருந்து வருகிறது, யார் இறக்குகிறார்கள், அரிசி கொடுத்தவர் பெயர் எங்கே எழுதப்படுகிறது என்பவை களப்பணிக் கேள்விகள். இஸ்ரேலின் கூட்டுக் குடியிருப்புகளான கிபுட்ஸ்களின் உணவுக்கூடமும் அப்படித்தான்: கூட்டு வாழ்க்கை தளர்ந்ததை, அங்கே சாப்பாடு விலைக்கு வந்த நாளை வைத்தே பலர் அடையாளம் சொல்வார்கள்.

இன்னும் சில அளவுகோல்கள். இடம் குறைந்தது ஒரு தலைமுறையைக் கடந்திருக்கட்டும், அதாவது 25 ஆண்டுகள். எழுத்துத் தடம் இருக்க வேண்டும். வெளியேறியவர்களைத் தேடிப் பிடிக்க முடிய வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் மொழி உங்களுக்கு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

தமிழ் ஆய்வாளருக்கு இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது ஆரோவில்லில். புதுச்சேரிக்கு வடக்கே, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துக்குள் இருக்கும் ஊர். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் பிடிமண் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டுத் தொடங்கியது. ஸ்ரீ அன்னை எனப்படும் மிர்ரா அல்ஃபாஸாவின் எண்ணம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கரின் நகர வடிவம். 50,000 பேருக்காகத் திட்டமிடப்பட்டது. இப்போது அங்கே வாழ்வோர் சுமார் 3,300. இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் 'தோல்வி' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். இனி வரும் முறைகளுக்கு ஆரோவில்லையே உதாரணமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் வெளியே போவோம்.

கிளம்பும் முன் 8 வாரம்

ஓராண்டுக் களப்பணி என்றால் ஆவண வேலைக்கு 8 வாரம் ஒதுக்குங்கள். முதுகலை ஆய்வேட்டுக்காக 10 வாரம்தான் களம் என்றால் 4 வாரம் போதும். மூன்று கட்டு காகிதம் சேர வேண்டும்.

முதல் கட்டு, தோற்றுவாய் எழுத்து. ஆரோவில்லுக்கு நான்கு அம்சச் சாசனம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். படிப்பது வேலை இல்லை. ஒரு தாளை நடுவே கோடு போட்டு, 'இருக்கும்' என்ற வாக்கியங்களை இடப்பக்கமும் 'இராது' என்ற வாக்கியங்களை வலப்பக்கமும் எழுதுங்கள். யுட்டோப்பிய எழுத்து மறுப்பால் நடப்பது. கம்பனின் கோசலத்தில் வறுமை இல்லாததால் வள்ளல்தன்மைக்கே வேலை இல்லாமல் போகிறது. மோரின் தீவில் பொன்னுக்கு மதிப்பில்லை, அதில் கழிவுச்சட்டி செய்கிறார்கள். வலப்பக்கப் பட்டியல், இவர்கள் எந்த உலகத்தைவிட்டு ஓடிவந்தார்கள் என்று காட்டும். அதில் உள்ள ஒவ்வொரு 'இராது'வும் களத்தில் ஒரு தேடல் கேள்வி. 'உள்ளே பணம் புழங்காது' என்றால், எந்த வாசலில் நின்றுபோகிறது? நின்றுபோன இடத்தில் அதன் வேலையை எது செய்கிறது?

இரண்டாவது, சட்டம். கனவூர்கள் சட்டத்துக்கு வெளியே மிதப்பதில்லை. அன்னை 1973-இல் மறைந்தபின் நிர்வாகத் தகராறு முற்றி, 1980-இல் நாடாளுமன்றம் அவசர ஏற்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆரோவில்லுக்கு அடிப்படையான ஸ்ரீ அரவிந்தரின் போதனை மதமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் மதமல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது: ஆட்சிக் குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு என மூன்று உறுப்புகள். இந்த அமைப்பைப் படம் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருவர் 'இது சமூகத்தின் முடிவு' என்றும் மற்றவர் 'இது அறக்கட்டளையின் முடிவு' என்றும் சொல்லும்போது, அவர்கள் படத்தின் எந்த மூலையில் நின்று பேசுகிறார்கள் என்று உடனே தெரியும்.

மூன்றாவது, நிலம். ஆய்வாளர்கள் மிக எளிதாகத் தாண்டிப்போவது இதைத்தான். சாசனத்தின் முதல் அம்சம், ஆரோவில் எவருக்கும் தனியாகச் சொந்தமில்லை, மனித குலம் முழுமைக்கும் சொந்தம் என்கிறது. சரி, பட்டா யார் பெயரில்? ஐந்தாறு புல எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறை இணையதளத்திலோ வில்லங்கச் சான்று எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கக் கேளுங்கள். எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், ஆண்டு, கிரயத் தொகை என்று ஒரு சின்ன அட்டவணை வரும். நகரத் திட்டம் 2.5 கி.மீ. ஆரமுள்ள வட்டம், நடு 1.25 கி.மீ. நகரம், அதைச் சுற்றி 1.25 கி.மீ. பசுமை வளையம். அந்த வட்டத்துக்குள் எல்லா நிலமும் ஆரோவில்லுடையது அல்ல. வட்டத்தைப் புலப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியும். பிற்பாடு களத்தில் கேட்கும் சண்டைகளில் பாதி அந்த ஓட்டைகளின் ஓரத்தில் நடக்கும்.

தொடக்ககாலப் புகைப்படங்களில் செம்மண் பொட்டலும் ஒற்றை ஆலமரமும்தான் இருக்கும். 'ஒன்றுமில்லாத நிலம்' என்பது எல்லாக் கனவூருக்கும் தேவையான முதல் வாக்கியம். இஸ்ரேலின் முதல் கிபுட்ஸான தெகானியா 1910-இல் தொடங்கிய இடத்துக்கும் உம் ஜூனி என்ற பெயர் முன்பே இருந்தது. மேய்ச்சல், மானாவாரி, முந்திரித் தோப்பு ஆகியவற்றுக்குப் புகைப்படத்தில் இடமில்லை. அவற்றைக் குயிலாப்பாளையத்திலும் எடையஞ்சாவடியிலும் உள்ள பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நுழைதல்

பெரிய கனவூர்களுக்கு ஆய்வாளர்கள் வந்து சலித்துப் போயிருக்கும். 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பல பேர்களிடம் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான் வரும். முதல் மாதம் நேர்காணலே எடுக்காதீர்கள். வேலை கேளுங்கள்: காய் நறுக்குவது, நாற்று விடுவது, நூலக அட்டை எழுதுவது. வாரம் 20 மணி நேரம் வேலை, மிச்ச நேரம் ஆய்வு என்ற கணக்கு பெரும்பாலும் தாங்கும். 35 மணிக்குப் போனால் இரவில் குறிப்பெழுத உடம்பில் தெம்பு இருக்காது. 10-க்குக் குறைந்தால் விருந்தாளியாகவே வைத்திருப்பார்கள்.

நீங்கள் ஆய்வாளர் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தன்னார்வலர் என்று மட்டும் சொல்லி நுழைவது நெறிமீறல். அதோடு நாலாவது மாதம் தெரியவரும்போது வேலையும் கெடும்.

எங்கே தங்குகிறீர்கள் என்பது முடிவுகளை மாற்றும். விருந்தினர் விடுதியில் தங்கினால் விருந்தினர்களுக்குச் சொல்லும் ஊர்தான் கிடைக்கும். முடிந்தால் 12 மாதத்தில் 7 மாதம் உள்ளே, 5 மாதம் பக்கத்துக் கிராமத்தில் வாடகைக்கு இருங்கள். கிராமத்து டீக்கடையில் உங்களைக் குறித்து என்ன பெயர் வைக்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். அது எந்த மாதம் மாறுகிறது என்பதும் தரவுதான்.

குறிப்பேடு

ஒரு மணி நேர உற்றுநோக்கலுக்கு இரண்டு மணி நேர எழுத்து. இந்தக் கணக்கில் சலுகை கிடையாது. தூங்கி எழுந்தால் பேச்சின் சொற்கள் போய்ச் சாரம் மட்டும் மிஞ்சும். கனவூர் ஆய்வுக்குக் குறிப்பேட்டுப் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்வது நல்லது: எழுதியிருப்பது, சொல்வது, நடப்பது. ஒரே நிகழ்வை மூன்றிலும் நிரப்புங்கள். ஒரு பத்தி வாரக்கணக்கில் காலியாகவே இருந்தால், நீங்கள் ஒரே வகை ஆட்களோடு சுற்றுகிறீர்கள் என்று பொருள்.

அருகில் போய் ஒன்றைப் பார்ப்போம். காலை ஏழரைக்கு ஒரு தோட்டத்தில் இருவர் சருகு கூட்டுகிறார்கள் என்று வையுங்கள். ஒரே துடைப்பம், ஒரே மண், ஒரே வியர்வை. ஒருவர் அங்கே குடியிருப்பவர். அவர் செய்வது 'சேவை' அல்லது கர்மயோகம், மாதக் கடைசியில் அவருக்கு வருவது 'பராமரிப்புத் தொகை'. மற்றவர் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்தவர். அவர் செய்வது 'வேலை', அவருக்கு வருவது 'சம்பளம்'. துடைப்பத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது, சொல்லைக் கேட்டால்தான் தெரியும். இந்தக் காட்சியைப் பார்த்தவுடன் 'போலித்தனம்' என்று எழுதினால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை: சேவைக்காரர் வராத நாளில் அந்தச் சருகை யார் கூட்டுகிறார்? வேலைக்காரர் வராத நாளில்? உடம்பு சரியில்லை என்றால் யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்? பத்தரை மணித் தேநீரை இருவரும் ஒரே திண்ணையில் குடிக்கிறார்களா? விளிச்சொல்லையும் கேளுங்கள். நிறுவனரைக் குறிக்கும் 'அன்னை'யும் முதலாளியம்மாவைக் கூப்பிடும் 'அம்மா'வும் ஒரே நாளில், ஒரே வாயில் வரும். ஆங்கிலத்தில் குறிப்பெழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். எனவே விளிச்சொற்களைக் கேட்ட மொழியிலேயே எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'உள்ளே வெள்ளைக்காரர், வெளியே தமிழர்' என்று கோடு கிழித்துவிடாதீர்கள். குடியிருப்போரில் கணிசமானவர்கள் தமிழர்கள். பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்தே உறுப்பினர் ஆனவர்கள். சொந்தத் தம்பி சம்பளத்துக்கு வர, அண்ணன் சேவையில் இருக்கும் குடும்பம் இருந்தால், அந்த ஒரு குடும்பமே உங்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம்.

பணத்தின் பின்னால், தீர்மானத்தின் பின்னால்

பணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டால் கொள்கைதான் பதிலாக வரும். ஒரு பொருளைப் பின்தொடருங்கள். ஆரோவில்லில் 'பூர் தூஸ்' என்ற விநியோக நிலையம் இருக்கிறது. பிரெஞ்சில் 'எல்லாருக்கும்' என்று பொருள். சேர்ந்தவர்கள் மாதம் ஒரு தொகை கட்டிவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். அலமாரியில் விலைச் சீட்டு இல்லை. ஆனால் எடுத்தது பதிவாகிறது. ஒரு கட்டி வெண்ணெயோ ஒரு கிலோ கேழ்வரகோ, வாங்கிய இடம், வண்டி, அலமாரி, கை, பதிவு, மாதக் கணக்கு என்று ஆறு நிறுத்தங்களில் பாருங்கள். விலை எங்கே மறைந்து எங்கே மறுபடி தலைகாட்டுகிறது என்று குறித்தால் போதும், பொருளாதார அத்தியாயத்தின் எலும்புக்கூடு தயார்.

கூட்டங்களுக்கும் இதே முறை. 'ஒருமித்த கருத்தால் முடிவெடுக்கிறோம்' என்று எல்லாக் கனவூரும் சொல்லும். ஒரே ஒரு தீர்மானத்தைப் பிடித்து, பிறந்த நாள் முதல் நிறைவேறும் நாள் வரையோ செத்துப்போகும் நாள் வரையோ தொடருங்கள். வட்டமாக உட்கார்ந்த படத்தை வரைந்து, யார் எத்தனை முறை பேசினார், எந்த மொழியில், யாரை யார் இடைமறித்தார், பேச்சு ஓய்ந்தபின் வாகன நிறுத்துமிடத்தில் யாரோடு யார் நின்றார் என்று குறியுங்கள். ஒருமித்த முடிவு பெரும்பாலும் அந்த நிறுத்துமிடத்தில்தான் ஆகிறது. சலித்துப்போய் வராமல் நின்றவர்களைத் தேடிக் கேளுங்கள். அவர்களின் மௌனமும் சம்மதமாக எண்ணப்பட்டிருக்கும்.

இடத்தை வாசித்தல்

திட்டமிட்ட வடிவத்துக்கும் பயன்படும் வடிவத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க, மானுடவியலாளர் ஜேம்ஸ் ஹோல்ஸ்டன் பிரேசிலின் தலைநகரான பிரேசிலியாவில் செய்ததைப் பாருங்கள். 1960 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தத் தலைநகரத்தை லூசியோ கோஸ்டா திட்டமிட்டார், ஆஸ்கார் நீமெயர் கட்டினார். தெருமுனை, நெரிசல், கடைவீதி என்ற பழைய நகரத்தின் பழக்கங்களே வேண்டாம் என்பது கனவு. குடியிருப்புத் தொகுதிகளுக்கு நடுவே வந்த கடைகளுக்கு முகப்பு தோட்டப் பக்கம், பின்புறம் சரக்கு வண்டிக்கான சாலை என்று வடிவமைத்தார்கள். முதலில் வந்த கடைக்காரர்கள் அந்தப் பின்புறத்தையே வாசலாக்கி, பெயர்ப்பலகையையும் அங்கே மாட்டிவிட்டார்கள். பழக்கப்பட்ட கடைத்தெரு திரும்ப வந்துவிட்டது. நகரத்தைக் கட்டிய தொழிலாளர்களுக்குத் திட்டத்தில் இடமில்லை. தாகுவாசிங்கா என்ற துணைநகரம் தலைநகரம் திறக்கும் முன்பே, 1958-இல், முளைத்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: முதல் வாரமே அரை கி.மீ.க்கு அரை கி.மீ. பரப்பை நடந்து கையால் வரையுங்கள். சாலைகளைவிட ஒற்றையடிப் பாதைகளுக்கு முக்கியத்துவம் கொடுங்கள். பூட்டு, கேட், 'அனுமதி இல்லை' பலகை, அது எந்த மொழியில் என்பது, செருப்பு விடும் இடம், நிழல், குழாயடி எல்லாம் வர வேண்டும். காலை 7, மதியம் 1, மாலை 6 என்று மூன்று வேளையும் ஒரே இடத்தில் 20 நிமிடம் நின்று, கடந்து போகிறவர்களை எண்ணுங்கள். வாகனம், திசை, கையில் என்ன என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

கதைகளைச் சேகரித்தல்

ஆரோவில்லுக்குப் பக்கத்தில் உள்ள இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய தலம். அங்கே கடுவெளிச் சித்தர் கதை வழங்குகிறது: ஆடிய பெண்ணின் காலிலிருந்து நழுவிய சலங்கையைச் சித்தர் எடுத்துக் கட்டினார், ஊர் சிரித்தது, சித்தர் பாட லிங்கம் வெடித்தது, நிலம் பாலையாகச் சபிக்கப்பட்டது. சில சொல்லலில் ஒரு வால் சேர்கிறது: தொலைதேசத்தார் வந்து இந்த மண்ணை மறுபடி பச்சையாக்குவார்கள். இந்த வால் பொய்யா மெய்யா என்று துப்பறிய வேண்டாம். கோயில், கிராமத் திண்ணை, விருந்தினர் விடுதி, பள்ளி என நான்கு இடங்களில் குறைந்தது மூன்று சொல்லலாவது பதிவுசெய்து, வால் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை, யார் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார் என்று பாருங்கள். நில உரிமைக்கான வாதம் பத்திரத்தில் மட்டும் நடப்பதில்லை.

நேர்காணல் மூன்றாம் மாதத்திலிருந்து. ஓராண்டுக்கு 35 போதும்: தொடக்ககாலத்தவர் 7, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் 7, அண்மையில் சேர்ந்தவர் 5, வெளியேறியவரும் சேர்க்கப்படாதவரும் 8, கிராமத்துக்காரர்களும் தொழிலாளர்களும் 8. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 5 முதல் 6 மணி நேரம் ஆகும்; பேச்சுத் தமிழை அப்படியே எழுதினால் இன்னும் கூடும். எழுத்துத் தமிழாகத் திருத்தாதீர்கள்.

அங்கேயே பிறந்தவர்களைப் பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு: அவர்கள் கனவைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், அதில் விழித்தவர்கள். அமெரிக்க மானுடவியலாளர் மெல்ஃபோர்ட் ஸ்பைரோ 1951-இல் ஒரு கிபுட்ஸில் களப்பணி செய்து, குழந்தைகளைத் தனி இல்லங்களில் கூட்டாக வளர்க்கும் முறையைப் பதிவுசெய்தார். பின்னாளில் திரும்பிப் பார்த்தபோது, அப்படி வளர்ந்த பெண்களே குடும்பத்தை நோக்கித் திரும்பியதைக் கண்டு தன் பழைய முடிவுகளை 1979-இல் திருத்தி எழுதினார். அவர் சொன்ன காரணத்தை ஏற்காதவர்கள் பலர் உண்டு. ஆனாலும் முதல் தலைமுறையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் என்ன தவறும் என்பதற்கு இது போதும்.

குறிப்புகளை வைத்து என்ன செய்வது

சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் கைக்கருவியாக உதவும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கனவூர்கள் 30 எடுத்து, 25 ஆண்டு தாண்டிய 9-ஐயும் தாண்டாத 21-ஐயும் ஒப்பிட்டார். ஆட்களைப் பிடித்துவைக்கும் வழிகள் ஆறு என்றார்: எதையாவது துறக்கவைத்தல், சொத்தையும் உழைப்பையும் போடவைத்தல், வெளி உறவுகளை அறுக்கவைத்தல், கூட்டாக உண்டு பாடி உழைக்கவைத்தல், 'நான்' என்பதைக் கரைத்தல், தம்மைவிடப் பெரிய ஒன்றோடு கட்டுதல். நியூயார்க்கின் ஒனைடாவில் உறுப்பினரை நடுவே உட்காரவைத்து மற்றவர்கள் குறைகளை எடுத்துச்சொல்லும் 'பரஸ்பர விமர்சனம்' இருந்தது. ஐந்தாவது வழிக்கு அதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. 1848-இல் தொடங்கிய அந்தச் சமூகம் 1881-இல் கூட்டுப்பங்கு நிறுவனமாக மாறியது. பிறகு அதன் பெயர் வெள்ளிக் கரண்டிக்குப் புகழ்பெற்றது.

குறிப்புகளுக்கு ஆறு நிறம் கொடுத்துக் கோடிடுங்கள். எந்த நிறம் எந்தப் பத்தாண்டில் மங்குகிறது என்று பாருங்கள். ஆனால் கேன்டரின் ஆறு வழிகளை எடுத்துக்கொள்ளும்போது அவருடைய அளவுகோலையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். நெடுநாள் இருப்பதுதான் வெற்றி என்றால் சிறைச்சாலைதான் உலகின் சிறந்த கனவூர்.

சடங்குகளை ஆய்ந்த மானுடவியலாளர் விக்டர் டர்னரிடமிருந்து ஒரு கருத்து போதும். எல்லாரும் சமமாக உருகி நிற்கும் கணத்தைக் 'கம்யூனிடாஸ்' என்றார். தானாக எழுவது, விதிகளால் நிலைநிறுத்தப்படுவது, கொள்கையாகப் பேசப்படுவது என்று அதற்கு மூன்று நிலைகள். 'அந்த நாளில் கீற்றுக் குடிசை, கிணற்றுத் தண்ணீர், எல்லாரும் ஒன்று' என்று மூத்தவர்கள் பேசும்போது, அது முதல் நிலையின் சாட்சியமா, மூன்றாம் நிலையின் பிரசாரமா என்று பிரித்தறிய இது உதவும். பெரும்பாலும் இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். 'இன்னும் நாம் தயாராகவில்லை' என்ற சொற்றொடருக்குத் தனி நிறம் கொடுங்கள். கனவுக்கும் நடப்புக்கும் இடைவெளி இருப்பது கண்டுபிடிப்பல்ல. எந்தப் பஞ்சாயத்திலும் அது இருக்கிறது. அந்த இடைவெளிக்கு அவர்கள் வைக்கும் பெயரும், அதை வைத்து யாரைப் பொறுக்கச் சொல்கிறார்கள் என்பதும்தான் கண்டுபிடிப்பு.

எங்கே சறுக்கும்

நாலாவது மாதம் காதல் வரும். கனவின் மொழியிலேயே குறிப்பெழுதத் தொடங்குவீர்கள். ஒன்பதாவது மாதம் வெறுப்பு வரும், எல்லாமே நாடகமாகத் தெரியும். இரண்டையும் தேதியோடு பதிந்து, அந்த வாரக் குறிப்புகளைப் பிறகு படிக்கும்போது தள்ளுபடி போட்டுப் படியுங்கள்.

ஆவணங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அடுக்கடுக்காகக் கிடைக்கும். கிராமத்தின் தரப்பு தமிழில், வாய்மொழியாக, நேரம் பிடித்துத்தான் வரும். கிடைப்பதை வைத்து எழுதினால் எழுதப்படாத தரப்பு தானாகவே சுருங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாளைக் கிராமத்துக்கென்று கட்டாயமாக ஒதுக்குங்கள்.

நடப்புச் சண்டை வேறு வகைத் தொல்லை. ஆரோவில்லில் 2021 டிசம்பரில் நகரத் திட்டத்தில் உள்ள வட்டச் சாலையான கிரவுன் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டதிலிருந்து நகரைக் கட்டுவதா, காட்டைக் காப்பதா, யார் தீர்மானிப்பது என்ற மோதல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அதன் 2022 உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. இப்படிப்பட்ட காலத்தில் ஒவ்வொரு தரப்பும் உங்களைத் தன் சாட்சியாக்கப் பார்க்கும். சுவாரசியம் என்னவென்றால், இரு தரப்பும் ஒரே நிறுவனரின் சொற்களைத்தான் மேற்கோள் காட்டும். யார் எந்த ஆண்டின் சொல்லைக் காட்டுகிறார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எந்தக் கருத்துக்கணிப்பைவிடவும் அது அதிகம் சொல்லும். நேர்காணல் ஒவ்வொன்றிலும் தேதியோடு '2021-க்கு முன்பு நடந்ததைச் சொல்கிறாரா, பின்பா' என்று குறித்துவிடுங்கள். ஒரு தரப்பின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் மறுதரப்பு அன்று மாலையே அறிந்துகொள்ளும்.

மாற்றுப்பெயர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஸ்பைரோ தன் கிபுட்ஸுக்குப் புனைபெயர் கொடுக்க முடிந்தது. அதைப் போல நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரே ஒரு ஆரோவில்தான் இருக்கிறது. மூவாயிரம் பேர் உள்ள ஊரில் 'ஜெர்மானிய மரத்தச்சர், அறுபது வயது' என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். தொழில், நாடு, வயது, வந்த ஆண்டு ஆகிய நான்கில் ஏதேனும் இரண்டுக்கு மேல் ஒருவரைப் பற்றி ஒருசேர எழுத வேண்டாம். வெளியேறியவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். வெளியேறிய ஆண்டு ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். தொழிலாளி சொன்ன குறையை அவர் வேலை செய்யும் பிரிவின் பெயரோடு எழுதினால் அடுத்த வாரம் வேலை போவது உங்களுக்கல்ல, அவருக்கு.

கிளம்பும் மாதம்

முதல் வாரம் வரைந்த அரை கி.மீ. வரைபடத்தை, பழையதைப் பார்க்காமல் மறுபடி நடந்து வரையுங்கள். புதிதாக வந்த வேலிகள், தேய்ந்துபோன பாதைகள், முதல் முறை உங்கள் கண்ணில் படாத வாசல்கள் என்று மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை எப்போதும் நீளமாக இருக்கும், முன்னுரையை அதிலிருந்து தொடங்கலாம். கண்டதைத் தமிழில் எட்டுப் பக்கத்துக்கு மிகாமல் எழுதி 40 படி எடுங்கள். பாதியை உள்ளே கொடுங்கள், பாதியைச் சுற்று ஊர்களில். படிக்க வராதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். 'இது இப்படி இல்லையே' என்று யாராவது சொன்னால் திருத்திவிட்டு நகர வேண்டாம். அவர் பெயருக்கு எதிரே தேதி போட்டு, குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.